மின்னலைப் பார்த்தால் ஆடு எண்ணுவது ஏன்?

அந்தக் காலத்தில் வானம் இவ்வளவு மேலே போயிருக்கவில்லை. ஒரு பனைமரத்தின் தலையில் இன்னொரு பனைமரத்தை நட்டால் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் உயரம். ஆடு பேசும், மரம் பேசும், மனிதனும் பேசுவான். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருப்பார்கள். மனிதனுக்கு அந்தப் பொறுமை போன அன்றைக்குத்தான் மற்றவை பேச்சை நிறுத்திக்கொண்டன என்று சொல்கிறார்கள். இருக்கும்.

மேகங்கள் அப்போது மந்தையாக இருந்தன. கருப்பு, வெள்ளை, சாம்பல் என்று ஆட்டுமந்தைக்கு உள்ள எல்லா நிறமும் அதற்கும் உண்டு. அந்த மந்தையை மேய்த்தவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணன் பெயர் இடி, தங்கை பெயர் மின்னல். இடி கனத்த உடம்புக்காரன். நடை மெதுவு, குரல் பெரிது, மனசு வெல்லம். எதையும் யோசித்து யோசித்துக் கடைசியில்தான் சொல்வான். மின்னலுக்குப் பேச்சுக் குறைவு, கால் வேகம். அவள் முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு போவாள், மந்தை அவள் பின்னே போகும். அதற்கும் பின்னால் அதட்டிக்கொண்டே அண்ணன் வருவான்.

வேகமாக நடப்பவள் என்றாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அண்ணனைச் சேர்த்துக்கொண்டுதான் மேலே போவாள். அதனால் அந்தக் காலத்தில் மின்னலும் இடியும் ஒன்றாகவே ஊருக்கு வரும். மின்னலும் இப்போது போலக் கண்ணைப் பறித்துவிட்டு ஓடுவதாக இல்லை. விளக்கு ஏற்றி வைத்த மாதிரி ஒரு சாயங்காலம் முழுக்க நின்று எரியும். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் விளையாடுவார்கள்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை மேக மந்தை பெரிய கண்மாயில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். அதே கண்மாய்க்கு மாயழகு என்கிற ஆட்டுக்காரனும் தன் ஆடுகளை ஓட்டி வருவான். எழுபது ஆடு அவனுக்கு. வீடு என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு ஒருவர் வயலில் கிடை போட்டால் நாளைக்கு இன்னொருவர் வயல். ஆட்டுப் புழுக்கை எந்த வயலுக்கு உரமாக வேண்டுமோ அங்கே அவன் ஊர்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் பட்டியின் வாசலில் நின்று ஆடுகளை எண்ணி உள்ளே விட்டான் மாயழகு. எழுபத்தொன்று வந்தது. ஆடு குறைந்தால் ஊரையே எழுப்புகிறவர்கள்கூட, கூடினால் வாயைத் திறக்கமாட்டார்கள். மாயழகு மறுபடி எண்ணினான். வெள்ளாட்டுக் குட்டிகளுக்கு நடுவே நனைந்த பஞ்சு மாதிரி ஒரு குட்டி மேகம் சுருண்டு கிடந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்குத் திரும்பி நடந்தான். கரையில் மின்னல் கலங்கிப்போய்த் தேடிக்கொண்டிருந்தாள்.

“உங்க குட்டி ஒண்ணு எங்க பட்டியில கெடந்துச்சு. பாலுக்கு அழுகுதுன்னு நெனைக்கிறேன். ஆட்டுப்பால் குடுத்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு.”

“அது தண்ணி மட்டுந்தான் குடிக்கும்” என்றாள் மின்னல். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கரை முழுக்க வெளிச்சமாயிற்று. மாயழகுக்கு அந்த வெளிச்சத்தை விட்டுப் போக மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து நாள் என்பது அவனுக்கு நீண்ட காலமாகிவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நான்காம் நாளே மந்தைக்குத் தாகம் என்று அண்ணனிடம் சொல்ல ஆரம்பித்தாள். இடி ஒன்றும் அசடு இல்லை. ஒரு மாதம் யோசித்துவிட்டு மாயழகிடம் வந்தான்.

“மாப்ளே, வானத்துப் பிள்ளைக ஒடம்பு நெருப்பு. ஆனா மண்ணுல கால் வச்சிட்டா அது அத்தனையும் மண்ணுக்குள்ள எறங்கிப் போயிரும். அவ கால் மண்ணுல இருக்கிறவரைக்கும் உங்க ஊருப் பொண்ணு மாதிரிதான். பயப்படாம கட்டிக்கங்க.”

மறுபடி மேலே ஏறினால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. மாயழகும் கேட்கவில்லை. கல்யாணத்தில் இருக்கிறவர்களுக்கு அதெல்லாம் தோன்றுவதில்லை.

மின்னல் ஆட்டுக்காரன் பெண்டாட்டி ஆனாள். கூழ் காய்ச்சப் பழகினாள். பனையோலையில் குடாப்பு முடையப் பழகினாள். குடாப்பு என்பது குட்டிகளைக் கவிழ்த்து மூடிவைக்கும் கூண்டு. தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும்போது குட்டிகள் அதற்குள் கால்களைச் சேர்த்துத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும். மாலையில் மந்தை திரும்பியதும் குடாப்பைத் தூக்குவார்கள். எந்தத் தாயாவது தன் குட்டியைக் காணாமல் மடி கனத்துக் கத்தினால், மாயழகு அந்தக் குட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவான். எத்தனை ஆட்டுக்கு நடுவில் நின்றாலும் தாய்க்கு அது தெரிந்துவிடும். முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மின்னலுக்குக் கண் கலங்கும்.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ராக்கு என்று பெயர் வைத்தார்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் இடி வந்தான். மருமகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதில் மெதுவாக ஏதோ சொன்னான். அவன் மெதுவாகச் சொன்னதற்கே இரண்டு பானை விரிசல் விட்டது. ஊர்ப் பிள்ளைகள் அலறி ஓடினார்கள். ராக்கு மட்டும் அவன் மீசையைப் பிடித்து இழுத்து, “மாமா, இன்னொரு தடவ சொல்லு” என்றாள்.

மாலையில் ஆடு எண்ணுவது தாயும் மகளும் சேர்ந்து செய்யும் வேலை. பட்டியின் படலை ஒரு ஆடு நுழையும் அளவுக்கு மின்னல் திறந்து பிடிப்பாள். ராக்கு அவள் மடியில் சாய்ந்துகொண்டு எண்ணுவாள். பிள்ளை அவசரப்பட்டால் மின்னல் அவள் விரலைப் பிடித்துக்கொள்வாள். “ஓடாத ராக்கு. ஒரு ஆடு முழுசா உள்ள போகணும். அப்புறந்தான் அடுத்த ஆடு.” அப்படி எண்ணியெண்ணி அந்த நிதானம் ராக்குவின் உடம்பில் படிந்துவிட்டது.

பிறகு பஞ்சம் வந்தது.

வந்ததற்குக் காரணம் யார் என்று பார்த்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. பழகிய தடத்தில் சில வருஷம் வந்துபோன மேக மந்தை, முன்னால் வெளிச்சம் காட்ட ஆள் இல்லாமல் பிறகு நகர மறுத்தது. இடி பின்னாலிருந்து அதட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். மேகங்கள் நாலு பக்கமும் சிதறிக் கடலுக்கு மேலே போய்ப் படுத்துக்கொண்டன. ஒரு வருஷம் மழை இல்லை. மறுவருஷமும் இல்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது. எழுபது ஆடு ஐம்பதாயிற்று, ஐம்பது முப்பதாயிற்று. ராக்குவின் உதடு வெடித்து, கூழ் குடிக்கும்போது எரிகிறது என்று அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு மின்னலால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“நான் மேல போயி மந்தையத் திருப்பிக்கிட்டு வந்துர்றேன்” என்றாள் கணவனிடம். “அண்ணனால தனியா முடியாது.”

மாயழகு பனையடியில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தான். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். “சீக்கிரம் வந்துரு புள்ள” என்று மட்டும் சொன்னான்.

ராக்குதான் கேட்டாள். “நாம நாளைக்கு எங்க கெடை போடுவோம்னு அப்பாவுக்கே தெரியாதே ஆத்தா. நீ வந்தா எங்களை எப்படிக் கண்டுபிடிப்ப?”

மின்னல் யோசித்தாள். “மேல இருந்து பாத்தா ஒசரமா இருக்கிறதுதான் மொதல்ல கண்ணுல படும். ஒசரமான எடமாப் பாத்து நில்லுங்க. நான் வந்துருவேன்.”

“குட்டியத் தூக்கிக் காட்டுற மாதிரி இவளைத் தூக்கிக் காட்டுறேன்” என்றான் மாயழகு. அந்த நிலைமையிலும் மூன்று பேரும் சிரித்தார்கள். பிரியத்தில் சொன்ன பேச்சுதான் இரண்டும். இவர்கள் குடும்பத்தை அழித்ததும் அந்த இரண்டு பேச்சுதான்.

“முப்பது ஆடு இருக்கு ராக்கு. நான் வர்ற வரைக்கும் நீதான் எண்ணணும். நிதானமா எண்ணு” என்று சொல்லிவிட்டு, தன் சேலை ஒன்றை மகளுக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்துவிட்டு, பனைமரத்தில் ஏறி அண்ணன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள் மின்னல். அவள் குதிகால் மண்ணை விட்ட அந்தக் கணத்தில் அது சிவந்து கனன்றது. அழுதுகொண்டிருந்த இருவரும் கவனிக்கவில்லை. மந்தையின் முதல் கிடாய் சுட்டியன் மட்டும் கவனித்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கிழட்டுக் கிடாய் அது. பசியில் இருந்ததால் அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

சிதறிய மந்தையைக் கடலுக்கு மேலே ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது லேசான வேலையா? மாதங்கள் போயின. ராக்குவுக்கு முன்பல் இரண்டும் விழுந்தன. விழுந்த பல்லை அம்மாவிடம் காட்டவேண்டும் என்று சேலை முனையில் முடிந்து வைத்துக்கொண்டாள். சேலையில் இருந்த கூழ்வாசமும் புகைவாசமும் நாளாக நாளாகக் குறைந்தன. போய்விடப் போகிறதே என்று அவள் அதை மோந்து பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். தினமும் மத்தியானம் எங்கே மேடு இருக்கிறதோ அங்கே போய் நின்று கிழக்கே பார்ப்பாள். மாயழகு கூழில் உப்புப் போட மறந்துவிடுவான், அல்லது இரண்டு தடவை போட்டுவிடுவான். அப்பாவும் மகளும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளாமல் குடிப்பார்கள். ஆடு எண்ணும்போது மட்டும் ராக்கு சத்தமாக எண்ணுவாள். முப்பது என்று முடிக்கும்போது அம்மாவுக்குக் கேட்கவேண்டும் என்று இன்னும் சத்தமாகச் சொல்வாள்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் கிழக்கே அடிவானம் கறுத்தது.

ராக்குதான் முதலில் பார்த்தாள். கறுப்புக்குள் ஒரு கீற்று வெளிச்சம். “அப்பா, ஆத்தா” என்றாள். மாமா எங்கே இருக்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டாள். அம்மா எப்போதும் மாமாவுக்காக நின்று வருகிறவள் ஆயிற்றே. குரல் வரவில்லை. கை தானாக ஆடு எண்ண ஆரம்பித்தது. ஒரு ஆடு முழுசாக உள்ளே போகவேண்டும், பிறகு அடுத்தது. மனசுக்குள்ளேயே முப்பது ஆடும் பட்டிக்குள் போயின. மறுபடி முதலிலிருந்து பத்து ஆடு போனபோது, வெகு தூரத்தில் பானை உருட்டுகிற மாதிரி மாமாவின் குரல் கேட்டது.

“மாமா ரொம்பப் பின்தங்கிட்டாரு” என்றாள் ராக்கு சிரித்துக்கொண்டே. “ஆத்தா நிக்காம வருது.”

ஆமாம், மின்னல் நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணனுக்காக நின்றவள் அன்றைக்கு ஒரே ஒரு திருப்பத்தில்கூட நிற்கவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போகிற தாயிடம் நின்று போ என்று யார் சொல்வது? இடிதான் சொல்லவேண்டும். மண்ணை விட்டவள் உடம்பில் பழைய நெருப்பு முழுக்கத் திரும்பிவிட்டது என்பதையும் அவன்தான் சொல்லவேண்டும். வழக்கம்போல, ஊர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அவள் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவனுக்குப் பதறியது. பின்னாலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தான். வெளிச்சத்தின் காலுக்குக் குரலின் கால் ஈடு கொடுக்குமா?

அடுத்த வெளிச்சத்துக்கு ராக்கு எண்ணியபோது இருபத்திரண்டாவது ஆட்டில் குரல் வந்தது. அதற்கடுத்ததற்குப் பன்னிரண்டிலேயே வந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டாவது ஆட்டு வெளிச்சம் போன வாரம் அவர்கள் கிடை போட்டிருந்த பொட்டலில் இறங்கியது. அங்கே ஒற்றைப் பனை ஒன்று நின்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கொண்டை தீப்பற்றி எரிந்தது.

“பாத்தியா, நாம இருந்த எடத்துக்குப் போயித் தேடுறா” என்றான் மாயழகு. “தெரியட்டும்னு வெளக்கு ஏத்தி வைக்கிறா.”

“அது வெளக்கு இல்லப்பா” என்றது சுட்டியன். “அந்தப் பனை அலறுனது எனக்குக் கேட்டுச்சு. அவ போறப்பவே குதிகால் நெருப்பா இருந்துச்சு. மேட்டுக்குப் போகாத.”

மாயழகு காதில் அது விழுந்ததா என்று தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவன் அவன். ஆடுகள் பயந்து மேட்டின் அடியில் ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று தலையை நுழைத்துக் கும்பலாக நின்றன. அவன் அவற்றையும் கவனிக்கவில்லை. ராக்கு போர்த்தியிருந்த சேலையை வாங்கினான். ஆட்டுக்குத் தழை வெட்டும் துரட்டியின் உச்சியில், அரிவாளுக்குக் கீழே அதைக் கட்டினான். ராக்குவைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அந்த வட்டாரத்திலேயே உயரமான மேட்டின் உச்சிக்கு ஏறி, துரட்டியை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிப் பிடித்தான். காணாமல் போன குட்டியைத் தாய்க்குத் தூக்கிக் காட்டுகிறவன் அப்படித்தான் காட்டுவான். அவனுக்குத் தெரிந்தது அதுதான்.

“இந்தா புள்ள, இங்க இருக்கோம்” என்று கூப்பிட்டான். ராக்கு விழுந்த பல்லைத் தேடிச் சேலை முடிச்சை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

மறுபடி வெளிச்சம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது ஆடு உள்ளே போவதற்குள் மாமாவின் குரல் வந்துவிட்டது. இந்தத் தடவை வார்த்தை வார்த்தையாகக் கேட்டது.

“மாப்ளே, பிள்ளைய எறக்குங்க. எறக்கிட்டுத் தொரட்டியக் கீழ போடுங்க. தங்கச்சி ஒடம்பெல்லாம் நெருப்பு. அவளுக்கே தெரியாது.”

மாயழகு கேட்டான். புரிந்தும்விட்டது. இரண்டு காரியத்தில் ஒரு காரியத்துக்குத்தான் அவனுக்கு நேரம் இருந்தது. தோளிலிருந்த பிள்ளையை ஒற்றைக் கையால் இழுத்து மேட்டின் சரிவில் மணல் ஓடைப் பக்கம் உருட்டிவிட்டான். துரட்டி மற்றக் கையிலேயே இருந்தது.

மேலிருந்து மின்னல் பார்த்தது தன் சேலையை. சேலைக்குக் கீழே தன் புருஷன் முகத்தை. அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. இறங்கிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

ஒரே ஒரு கணம்தான் அது. பிறகு அவன் அவள் கையிலிருந்து உயிரில்லாமல் சரிந்தான். துரட்டிக் கம்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேட்டின் அடியில் கும்பலாக நின்ற ஆடுகளில் ஆறு, யாரும் தொடாமலேயே சரிந்து விழுந்தன. மண் வழியாக நெருப்பு அவற்றின் முன்னங்காலில் ஏறிப் பின்னங்காலில் இறங்கிப் போயிருந்தது.

மணல் ஓடைக் கரையில் கிடந்த ராக்கு தலையைத் தூக்கினாள். மேட்டுக்கு மேலே, மண்ணில் கால் ஊன்றாமல் அம்மா நின்றாள். அதே முகம். ஒரு வருஷமாகக் கண்ணை மூடினால் வந்த முகம். ராக்குவுக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் அந்தக் காலைக் கட்டிக்கொண்டால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் சரி என்று இருந்தது. முழங்காலை ஊன்றிவிட்டாள்.

அப்போது தலைக்கு நேர் மேலே மாமாவின் குரல் வெடித்தது. ஓடிவந்த களைப்பும் அழுகையும் சேர்ந்த குரல்.

“எந்திரிக்காத ராக்கு. படுக்கவும் படுக்காத. காலு ரெண்டையும் சேத்து வச்சுக் குத்தவச்சு உக்காரு. தலையக் குனிஞ்சுக்க, காதப் பொத்திக்க. குடாப்புக்குள்ள குட்டி இருக்குமே, அப்படி இரு. ஆத்தாவப் பாக்காத.”

பெற்ற தாயைப் பார்க்காதே என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வது எவ்வளவு கொடுமை. இடிக்கும் அது தெரியும். இருந்தும் சொன்னான். ராக்கு உட்கார்ந்தாள். குதிகாலோடு குதிகால் சேர்த்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, காதைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மூடியபோதும் இமைக்குள் அம்மாவின் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது.

மின்னல் ஓடையைப் பார்த்துக் கையை நீட்டினாள். குனிந்து உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன முதுகு தெரிந்தது. புருஷனை என்ன செய்தோம் என்று அதற்குள் அவளுக்கு விளங்கியிருந்தது. நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள், மறுபடி இழுத்துக்கொண்டாள். பிறகு மந்தையைத் திருப்பிக்கொண்டு மேற்கே போனாள். மேகங்கள் அழுது கொட்டின. மூன்று வருஷத்து மழை ஒரே மாலையில் பெய்தது.

ராக்கு தலையைத் தூக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள். இமைக்குள் சிவந்தால் எண்ண ஆரம்பிப்பாள், குரல் கேட்டால் நிறுத்துவாள். ஏழு ஆடு. பதினான்கு ஆடு. இருபத்தைந்து ஆடு. எண்ணிக்கை கூடக்கூட அம்மா தூரமாகப் போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. உயிர் பிழைக்கிறோம் என்று சந்தோஷப்படுவதா, அம்மா போகிறாளே என்று அழுவதா? அவள் அழுதாள். முப்பது ஆடும் பட்டிக்குள் போயின, குரலும் ஓய்ந்தது. உடனே எழுந்திருக்கவில்லை. திரும்பி வந்தாலும் வருவாள், தாய் மனசு. மேய்ச்சலிலிருந்து வந்த ஆடுகளின் குட்டிகள் பால் குடித்து முடித்துப் படுக்க எவ்வளவு நேரமாகும் என்று ராக்குவுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சேலை கருகியிருந்தது. முடிச்சில் இருந்த பல்லைக் காணவில்லை.

மறுநாள் அந்தப் பக்கம் வந்த வேறு ஆட்டுக்காரர்கள் அவளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். ராக்கு அவர்கள் நடுவில் வளர்ந்தாள். அப்பா போன அன்று மாலை பட்டியில் மிஞ்சியது இருபத்துநான்கு ஆடுதான். ஆனாலும் வெளிச்சம் கண்டால் அவள் எண்ணுவது முப்பது வரைக்கும். அம்மா விட்டுப்போன கணக்கு முப்பது.

மழைக்காலம் வந்தால் அவள் சொல்வாள்: மாமா குரல் கேட்டாலே தண்ணியில நிக்காத, மேட்டுல நிக்காத, ஒத்தப் பனைக்குக் கீழ ஒதுங்காத. தொரட்டியத் தரையில போடு. கும்பலா நிக்கிற ஆட்டைக் கலைச்சு விடு. வீடு இருக்கிறவன் வீட்டுக்குள்ள போ. முப்பது ஆட்டுக்குள்ள குரல் வந்திருச்சுன்னா, போக எடமில்லாதவன் பள்ளத்துல குத்தவச்சு உக்காரு. சொன்னதைக் கேட்டவர்கள் பேரன் பேத்தி எடுத்தார்கள். சிரித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

குரல் கேட்டதும் ராக்கு மெல்ல ஒரு வார்த்தை சொல்வாள். “கேட்டுச்சு மாமா.” அன்றைக்கு ஒரே ஒருமுறை தாமதமாகச் சொன்னதற்காக இன்றுவரை கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடிவருகிற மனுஷன். அவனுக்கு யாராவது பதில் சொல்லவேண்டாமா?

பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், ராக்குவின் இடுப்பில் அவள் பெற்ற குழந்தை இருந்தது. கிழக்கே அடிவானத்தில் ஒரு வெளிச்சம். அவள் எண்ணினாள். முப்பது ஆடு போயின. இன்னொரு முப்பது. மூன்றாவது முப்பதும் போய் முடிந்தது. மாமாவின் குரல் வரவேயில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் அம்மா. கை நீட்டினாலும் எட்டாத தூரம். ஆனால் பார்க்கலாம்.

ராக்கு பக்கத்து மேட்டில் ஏறி நின்றாள். குழந்தையை இரண்டு கையாலும் முன்னே தூக்கிப் பிடித்தாள். முன்பு அப்பா தூக்கிக் காட்டியது போலத்தான். அடிவானம் சத்தமில்லாமல் பளிச்சிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி பளிச்சிட்டது. அம்மாவும் பார்த்துவிட்டாள். அதிலிருந்து தாயும் மகளும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்வது அவ்வளவுதான், அந்தத் தூரத்தில்தான். பிறகு எங்கோ ஒரு பானை உருண்டது. “கேட்டுச்சு மாமா” என்று சொல்லிவிட்டு, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கி வந்தாள்.

மாயழகைக் கட்டிக்கொண்ட அன்று முதல்தான் மின்னல் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறது. ஆசை முந்திப் புத்தி பிந்திய நாளில் உயரமாக நிற்பதை இன்னும் தொட்டுவிடுகிறது. அன்று முதல்தான் இடி அதன் பின்னாலேயே ஓடி வருகிறது. மின்னலைக் கண்டதும் ஆட்டுக்காரர்கள் ஆடு எண்ணுவதும், மாமன் குரல் கேட்டதும் துரட்டியைத் தரையில் போட்டுவிட்டு உட்காருவதும், குரல் ஓய்ந்து குட்டிகள் பால் குடித்துப் படுக்கும்வரை எழாமல் இருப்பதும், சத்தமே வராத தூரத்தில் மின்னும்போது மட்டும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கி அந்தப் பக்கம் முகம் காட்டுவதும் ராக்குவின் காலம் முதல்தான்.